எதிரெதிரே இரண்டு கதவுகள்

அச்சங்குளத்தில் பட்டாசு வேலையை விட்டுவிட்ட பெண்கள் சேர்ந்து, சுடாத மண் கல்லால் எங்கள் வீடுகளை நாங்களே கட்டத் தொடங்கியிருந்தோம். கல் அறுப்பதிலிருந்து சுவர் எழுப்புவது வரை எல்லாம் எங்கள் கைவேலைதான். முதல் வீடு எனக்கு. கம்பியே இல்லாத வளைவுக் கூரை என்பதால் உள்ளூர எனக்குப் பயம்தான்.

கூரையைத் தாங்கி நின்ற சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்த அன்று, நானும் பட்டாசு ரூமில் என்னோடு வேலை பார்த்த பாக்கியம் அக்காவும் உள்ளே நின்றோம். கடைசிப் பலகையை அக்கா தட்டிவிட்டார். அது தரையில் விழுந்து டமார் என்றது.

பட்டாசு ரூமில் சத்தம் கேட்டால் யாரும் நின்று பார்க்க மாட்டோம். எந்தப் பக்கம் ஓடினாலும் அங்கே கதவு இருக்கும். அந்தப் பழக்கத்தில் என் கால்கள் பின்பக்கம் ஓடின.

அங்கே சுவர் இருந்தது. நானே எழுப்பிய சுவர். இரண்டு கைகளாலும் அதை அறைந்தேன்.

"ஏட்டி, பலகைதான் விழுந்துச்சு. கூரை அப்படியே நிக்குது, அங்கன பாரு!" என்று அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் ஒரு கீறல்கூட இல்லை.

"அக்கா, இங்கன ஒரு கதவு வைக்கணும்க்கா."

அக்கா உடனே போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் கட்டிய எல்லா வீடுகளுக்கும் எதிரெதிரே இரண்டு கதவுகள். பார்க்க வருகிறவர்கள், "காத்தோட்டத்துக்கா வச்சிருக்கீக?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

என் வீட்டுப் பின்கதவுக்கு மட்டும் இன்றுவரை நான் தாழ்ப்பாள் வைக்கவில்லை.