உள்ளதைச் சொன்னவள்

பேராசிரியர் வினாத்தாள்களைக் கொடுத்து முடித்தார். கடிகாரத்தைப் பார்த்து, "ஒன்றரை மணி நேரம்" என்றார். பிறகு தன் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போய்விட்டார். அமெரிக்காவுக்கு ஒரு வருடப் பரிமாற்ற மாணவியாக வந்த எனக்கு அதுதான் முதல் தேர்வு. அவருக்கு ஏதோ அவசர வேலை, அவருக்குப் பதில் வேறு யாராவது வருவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. முப்பது பேர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். என் இடப்பக்கத்துப் பையனின் தாள் முழுசாக எனக்குத் தெரிந்தது. அவன் அதை மறைக்கக்கூட இல்லை. என்னை யாருமே பார்க்கவில்லை என்பதே என்னை எழுதவிடவில்லை. முதல் கணக்கை முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

சங்கரன்கோவிலில் நான் படித்த பள்ளியில் பொதுத்தேர்வு என்றால் வாசலிலேயே நிறுத்தி ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து பார்ப்பார்கள், சடைப்பின்னலைத் தூக்கிப் பார்ப்பார்கள். பறக்கும் படை ஜீப் வரும் சத்தம் கேட்டாலே ஒன்றும் செய்யாத பிள்ளைக்கும் வேர்த்துவிடும். என் அம்மா இன்னொரு பள்ளியில் ஆசிரியை. தேர்வறைக் கண்காணிப்புக்குப் போகும் நாட்களில் மட்டும் சத்தம் வராத ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போவாள். அப்படிப்பட்டவளிடம் போனில், "சார் வெளிய போயிட்டாரும்மா, யாருமே காப்பி அடிக்கல" என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. "கேமரா வச்சிருப்பான், நீ நல்லாப் பாத்தியா?" என்றாள்.

கேமரா இல்லை, கையெழுத்துத்தான் இருந்தது. ஒவ்வொரு விடைத்தாளின் முடிவிலும் 'நான் யாருக்கும் உதவவில்லை, யாரிடமும் உதவி பெறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஹானர் கோட் என்று பெயர். யாருக்கும் உதவவில்லை என்று ஒருத்தி பெருமையாகக் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்திருக்கிறேன் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. அதைப் புரிந்துகொள்ளாமல்தான் சிரித்தேன்.

சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த அந்தப் பல்கலைக்கழக ஊரில் என்னை உயிரோடு வைத்திருந்தவள் கவிதா அக்கா. புளியங்குடிக்காரி. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர். ஆனாலும் அவளைப் பார்க்க நான் கடல் தாண்டி வர வேண்டியிருந்தது. என்னைவிட மூன்று வயது மூத்தவள், அங்கே முதுகலை இரண்டாம் வருடம். புள்ளியியல் வகுப்பில் என் பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பி, "ஏட்டி, நீ எந்த ஊரு?" என்றாள். அன்றைக்கே தன் பழைய குளிர்க்கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். வகுப்பில் ஒருத்தி என்னிடம், "நாம் ஒரு நாள் சேர்ந்து சாப்பிட வேண்டும்" என்றபோது நான், "எந்த நாள்?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் முகம் சிவந்து, போனைத் திறந்து காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள். கவிதா அக்கா அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அது விருந்துக்குக் கூப்பிடலட்டி. போயிட்டு வாரேங்கதுக்குப் பதிலா அப்படிச் சொல்லுதா. இங்கன வார்த்தைய அப்படியே எடுத்துக்கிடாத."

அவள் சொன்னதை நான் சரியாகக் கேட்டிருக்கலாம்.

நவம்பரில் ஒரு தேர்வு வந்தது, டேக்-ஹோம் எக்ஸாம். வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு நாளில் தனியாக எழுதித் திருப்பித் தர வேண்டும். புத்தகம் பார்க்கலாம், மனிதர்களிடம் மட்டும் கேட்கக் கூடாது. அந்த வாரம் கவிதா அக்காவின் அம்மாவுக்குத் திருநெல்வேலியில் கர்ப்பப்பை ஆபரேஷன். சாதாரண ஆபரேஷன் என்றுதான் சேர்த்தார்கள். ரத்தப்போக்கு நிற்காமல் ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அக்கா இரண்டு நாளாகத் தம்பியோடு போனிலேயே இருந்தாள். அவன் போனை எடுக்காத நேரங்களில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் என் அறைக்கு வந்தாள். தலை வாரவில்லை. "மூணாவது கணக்கு எனக்கு ஓடவே இல்ல பிள்ள" என்று மட்டும் சொன்னாள். காட்டு என்று கேட்கவில்லை. நான்தான் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். "பாத்துக்கோங்கக்கா. அப்படியே எழுதிராதீங்க" என்றேன். அவள் அப்படியே எழுதிவிட்டாள். நான் ஓர் இடத்தில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட்டிருந்தேன். அந்தத் தப்பையும் சேர்த்து எழுதிவிட்டாள்.

பத்து நாளில், இருவர் தாளிலும் ஒரே தப்பு இருந்தது பற்றி விசாரணைக்கு வரச்சொல்லி, மாணவர் ஒழுங்கைக் கவனிக்கும் டீனிடமிருந்து இருவருக்கும் தனித்தனியே கடிதம் வந்தது. பேராசிரியர் எங்களைக் கூப்பிடவோ கோபப்படவோ இல்லை. வகுப்பில் வழக்கம்போல, "குட் மார்னிங்" என்றார். அதற்குள் அக்காவின் அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்திருந்தாள். விசாரணைக்கு முந்தின நாள் அக்கா என்னிடம் சொன்னாள்: "சேந்து படிச்சோம், ஒண்ணு போல வந்துட்டுன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாண்டாம். நானும் அதையேதான் சொல்லப் போறேன்." சரி என்று தலையாட்டினேன்.

இந்த இடத்தில் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பதினோராம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் நானும் என் பக்கத்தில் இருந்தவளும் விடைத்தாளை மாற்றிப் பார்த்து மாட்டிக்கொண்டோம். தலைமையாசிரியை எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்து, "உள்ளதச் சொல்லுங்க, விட்டுருதேன்" என்றார். நான் அழுதுகொண்டே உள்ளதைச் சொன்னேன். அவள் அப்பாவுக்குத் தறிக்கூடத்தில் கையில் அடிபட்டது, அதனால் அவள் படிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். தலைமையாசிரியை எங்களை வாய் ஓயும்வரை திட்டினார். ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தினார். பிறகு உள்ளே கூப்பிட்டு வேறு தாள் கொடுத்து எழுதச் சொன்னார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் உள்ளதைச் சொல்வது மன்னிப்பின் முதல் படி. யாரும் சொல்லித்தராமலே அது எனக்குத் தெரியும்.

டீனின் அறையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. என் பெயர் எஸ்தர் என்பதைச் சரியாக உச்சரித்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு கைகளைக் கோத்துக்கொண்டு, "என்ன நடந்தது என்று எனக்குப் புரிய உதவுவாயா?" என்றார். என்னிடம் உதவி கேட்கிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். உள்ளதைச் சொல், விட்டுவிடுகிறேன் என்பதை இந்த ஊரில் இத்தனை மரியாதையாகச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அக்காவிடம் தலையாட்டியது நினைவில் இருந்தது. ஆனால் பொய் சொல்லித் தப்புவதைவிட உண்மையைச் சொல்லி மன்னிப்பு வாங்குவது அவளுக்கும் நல்லது என்று அந்த நிமிடத்தில் மனசாரத் தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷன், ஐ.சி.யு., அவள் வாராத தலை, நான் லேப்டாப்பைத் திருப்பியது எல்லாவற்றையும். எவ்வளவு துயரத்தைச் சேர்த்துச் சொல்கிறேனோ அவ்வளவு இரக்கம் வரும் என்று நம்பினேன். அவர் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். நான் அழுதபோது டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். கடைசியில், "உன் நேர்மைக்கு நன்றி, இது எளிதாக இருந்திருக்காது" என்றார். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது.

நேராக அக்காவிடம் ஓடினேன். "எல்லாத்தையும் சொல்லிட்டேங்க்கா. ரொம்ப நல்ல அம்மா. விட்டுருவாங்க."

அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினாள். "நான் காலையிலயே எழுதிக் கொடுத்துட்டனேட்டி" என்றாள். சேர்ந்து படித்ததாக அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது என் வாக்குமூலத்தால் பொய்யாகிவிட்டது. பார்த்து எழுதியது ஒரு குற்றம், விசாரணையில் பொய் சொன்னது இன்னொரு குற்றம்.

நான் மறுபடி டீனிடம் போனேன். காட்டியது நான்தான், என்னைத் தண்டியுங்கள் என்றேன். "நீ சொல்வது எனக்குக் கேட்கிறது" என்றார். கேட்கிறது என்றால் ஒத்துக்கொண்டார் என்று இரண்டு நாள் நம்பியிருந்தேன். மூன்றாம் நாள் முடிவு வந்தது. எனக்கு அந்தத் தேர்வில் பூஜ்யம், நேர்மையைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். விசாரணையில் ஒத்துழைத்ததற்காகத் தண்டனை குறைக்கப்பட்டது என்று ஒரு வரி. கவிதா அக்காவுக்கு ஒரு வருட சஸ்பென்ஷன். மாணவ விசாவில் இருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் மூட்டை கட்டு என்பதுதான்.

என் அறைத்தோழி என்னைக் கட்டிப்பிடித்து, "நீ சரியானதைச் செய்தாய்" என்றாள். இந்தச் சொல்லை அந்த வாரம் நான்கு பேர் சொன்னார்கள். ஒருவரும் கவிதாவுக்கு இனி என்ன ஆகும் என்று கேட்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. விதி நடந்துவிட்டது, அதற்கப்புறம் கேட்க ஒன்றுமில்லை என்பது அவர்கள் கணக்கு. அம்மாவிடம் போனில் சொன்னேன். "உள்ளதத்தான சொன்ன, எதுக்கு அழுத?" என்றாள். போனை வைக்கப் போகும்போது, "அந்தப் பிள்ளட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லிருக்கலாம்லா" என்றாள்.

அக்கா ஊருக்குக் கிளம்பிய அன்று பனி பெய்துகொண்டிருந்தது. விமான நிலையத்துக்குப் போகும் வேன் வரும்வரை அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்னைய மாட்டிவிடணும்னு நீ சொல்லலன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "அதனாலதான் எனக்கு ஆறமாட்டேங்கு. கோவப்படக்கூட ஆளு இல்ல." வேனில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியாகப் பார்க்காமலே போனாள்.

ஜூன் மாதம் என் வருடம் முடிந்து ஊருக்கு வந்தேன். வந்த நான்காம் நாள் புளியங்குடி பஸ்ஸில் ஏறினேன். மலைப் பக்கம் சாரல் காற்று தொடங்கியிருந்தது. அக்கா அங்கே ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தாள். அடுத்த வருடம் திரும்பிப் போக அவள் விண்ணப்பிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் வாசலில் ஒரு நொடி நின்றாள். பிறகு, "வா பிள்ள" என்றாள்.

அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மெலிந்து, கழுத்தெலும்பு தெரிய இருந்தாள். "எம் பிள்ள கூட நீதான் துணைக்கு இருந்தியாமே மக்கா. சொல்லிக்கிட்டே இருப்பா" என்று இலை போட்டு உட்காரவைத்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தண்ணீர் எடுத்து வரும் சாக்கில் அடுப்படிக்குள் போனாள்.

இரண்டாவது தடவை சோறு வைக்கும்போது அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கூடப் படிச்ச வெள்ளக்காரப் பிள்ள ஒண்ணு போட்டுக் குடுத்துட்டாமே. அதுக்கு மேல இவ எதக் கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்கா. நீ கூட இருந்தவதான, அது எப்படியாப்பட்ட பிள்ள?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அந்த மஞ்சள் விளக்கு அறையில் முன்பின் தெரியாத ஒருத்தி கேட்டதும் மளமளவென்று கொட்டியவள் நான். இங்கே என் ஊர்ப் பேச்சில், இலைக்கு எதிரே உட்கார்ந்து, எனக்காகச் சோறு பொங்கியவள் கேட்கிறாள். சொன்னால் அவள் தாங்கமாட்டாளோ, அல்லது நான் இந்த இலையிலிருந்து எழுந்துபோக வேண்டியிருக்குமோ, எதற்குப் பயந்தேன் என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நல்ல பிள்ளதாம்மா" என்றேன். "தெரியாமச் சொல்லிட்டு."

"பேரு என்ன அதுக்கு?"

"ஹன்னா" என்றேன். அப்படி ஒருத்தி எங்கள் வகுப்பில் இல்லை.

அவள் அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். வாயில் நிற்கவில்லை. "என்னமோ ஒண்ணு. அந்த நாட்டு வழக்கம் அப்படிப் போல. அதையும் ஒரு அம்மதான பெத்திருப்பா. எங்கன இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுப்படியைப் பார்த்து, "ஏட்டி கவிதா, பிள்ளைக்கு மோர் கொண்டா" என்றாள்.

இப்போது நான் மேற்படிப்புக்காக மறுபடியும் இந்த நாட்டில் இருக்கிறேன், வேறொரு ஊரில். காபிக் கடையில் பெயர் கேட்டுக் கோப்பையில் எழுதுகிறார்கள். எஸ்தர் என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், புளியங்குடியில் ஒரு வீட்டில் வாழ்த்தப்பட்டவள் நான் இல்லை, ஹன்னாதான் என்பது நினைவுக்கு வருகிறது. அவளுக்கு இந்த ஊரும் இல்லை, அந்த ஊரும் இல்லை. ஒரு தாய் அவளை மன்னித்திருக்கிறாள். அந்த இலையில் சோறு தின்றவளை யாரும் இன்னும் மன்னிக்கவில்லை.