உனைஸ் உஸ்தாதின் வெள்ளிக்கிழமை

எங்கள் ஊரில் மதரஸா உஸ்தாதுக்கென்று தனியாகச் சமையலறை கிடையாது. ஊரே அவருக்குச் சமையலறை. நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்துச் சோறு போடுகிறோம். எங்கள் வீட்டு முறை செவ்வாய்க்கிழமை. உனைஸ் உஸ்தாத் முன்னறை மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்; நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேச்சுக் கொடுப்பேன். எந்த வீட்டு மீன்கறியில் புளி தூக்கலாக இருக்கும், எந்த வீட்டில் நேற்று மிஞ்சிய இறைச்சியை இன்றைய பருப்பில் போட்டு ஒப்பேற்றுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் வாயிலிருந்து ஒன்றும் பெயராது. "அல்ஹம்துலில்லாஹ், எல்லா வீடும் நல்லாத்தான் இருக்கு இத்தா" என்று அக்கா முறை வைத்துச் சொல்வார். என் சமையலையும் அதே வாயால்தான் புகழ்கிறார் என்பதால் அந்தப் புகழ்ச்சியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அவர் வயநாட்டுக்காரர். மலைமேல் பனமரம் என்கிற ஊருக்குப் பக்கத்தில் வீடு. சின்ன வயதிலேயே ஓதப் படிக்கக் கீழே இறங்கியவர். அன்றிலிருந்து ஊரார் வீட்டுச் சோறுதான். குரல் நல்ல குரல். அவர் ஓதினால் அடுப்பில் வைத்த பாலை மறந்து நின்றுவிடுவேன். பிள்ளைகளை அடிக்க வராது. "கை நீளாத உஸ்தாத்" என்று கமிட்டியில் அதையே ஒரு குறையாகச் சொல்வார்கள். எதிர்த்துப் பேசவும் வராது. அதைக் குறையாக யாரும் சொன்னதில்லை. அதுதானே கமிட்டிக்கு வசதி.

அவருக்கு ஸஜீலா என்று மனைவி, நஜ்வா என்று ஒரே மகள். வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். வெள்ளிக்கிழமை மதரஸாவுக்கும் விடுமுறை, எங்கள் ஊர் முஸ்லிம் பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை. பிள்ளைகள் அறுத்த வயலில் பந்து உதைப்பார்கள். உஸ்தாத் மலைமேல் தகப்பனாக இருப்பார். ராத்திரி இறங்கி வந்து, சனிக்கிழமை காலையில் மறுபடி எல்லார் பிள்ளைக்கும் உஸ்தாத்.

அந்த வருஷம் நஜ்வாவுக்கு ஐந்து வயது முடிந்தது. முதல் எழுத்தைச் சொல்லிக்கொடுத்து ஓத உட்கார வைக்கும் வயது. எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் அதை உனைஸ் உஸ்தாத்தான் செய்வார். மடியில் உட்காரவைத்து, தேன் தொட்டு நாக்கில் வைத்து, "அலிஃப்" என்று சொல்ல வைப்பார். அலறுகிற பிள்ளைகூட அவர் மடியில் அடங்கிவிடும். தன் மகளுக்கும் தானே செய்ய வேண்டும் என்று நாள் பார்த்து வைத்திருந்தார். அதைச் சொல்லும்போது மட்டும் அந்த மனிதர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

"என் உப்பாதான் சொல்லித் தரணும், வேற யாரு சொன்னாலும் வாயத் தொறக்க மாட்டேன்னு நிக்கிறா இத்தா. அடுத்த வெள்ளிக்கிழமை உட்கார வச்சிடுவேன்."

இந்த நேரம் பார்த்துத்தான் கோயாமு ஹாஜிக்கு யோசனை வந்தது.

கோயாமு ஹாஜி எங்கள் மதரஸா கமிட்டியின் செயலாளர். ஷார்ஜாவில் ஒரு பெரிய கடைவளாகத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்தும் பகுதியைப் பார்த்துக்கொண்டவர். பார்த்துக்கொண்டவர் என்றால் வாசலில் சீட்டுக் கிழித்தவர். ஆனாலும் பலூனைக் கண்ட கண் சும்மா இருக்குமா? ஊர் திரும்பியதும் எதைப் பார்த்தாலும் அவருக்குப் பலூன் கட்டத் தோன்றியது. எங்கள் வீட்டு முன்னறையில்தான் கமிட்டி கூடியது. என் மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், பொருளாளர் என்பதால் சாயாவும் பழம்பொரியும் என் பொறுப்பு.

"காலம் மாறிப்போச்சு. பிள்ளைங்க குர்ஆனைச் சிரிச்சுக்கிட்டே படிக்கணும். விளையாடிக்கிட்டே படிக்கணும்" என்றார் ஹாஜி. "வெள்ளிக்கிழமை காலைல சும்மாத்தானே கெடக்குதுங்க? அன்னைக்கு வைப்போம். பேருகூட யோசிச்சுட்டேன். வெள்ளி விருந்து!"

"உஸ்தாத் அன்னைக்கு ஊருக்குப் போவாரே" என்றார் என் மாப்பிள்ளை, பழம்பொரி மென்றபடி.

"போகட்டும், யாரு வேணாம்னா? கொஞ்ச மாசம் கழிச்சுப் போகட்டும். தீனுக்காக, நம்ம மார்க்கத்துக்காக, இதுகூடச் செய்யக்கூடாதா?"

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். ஹாஜியின் வெள்ளிக்கிழமை ஹாஜியிடமே இருந்தது. தீனுக்குப் போனது உஸ்தாதின் வெள்ளிக்கிழமை. உஸ்தாதைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் தரையைப் பார்த்து "இன்ஷா அல்லாஹ்" என்றார். கமிட்டி அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் கதவருகே நின்று பொரிந்து தள்ளினேன். "வாயைத் தொறந்து முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே உஸ்தாதே? உங்க மக அங்க காத்துக்கிட்டு இருக்காளே!"

"சொல்லலாம் இத்தா. சொன்னா அடுத்த செவ்வாய்க்கிழமை இந்த நாற்காலில வேற உஸ்தாத் உக்காந்திருப்பாரு."

இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

முதல் வெள்ளி விருந்துக்கு மதரஸா வாசலில் தோரணம், பலூன், ஒலிபெருக்கி. கைப்பேசியில் படம் பிடித்து ஊர் ஊராக அனுப்ப ஹாஜியே ஒரு கம்பு வாங்கி வந்திருந்தார். விளையாட்டு, நாற்காலி விளையாட்டு. பாட்டுப் போடுவது தப்பாயிற்றே? அதனால் பாட்டுக்குப் பதில் உஸ்தாத் ஓத வேண்டும். பிள்ளைகள் நாற்காலிகளைச் சுற்றி ஓட வேண்டும். அவர் நிறுத்தியதும் பாய்ந்து உட்கார வேண்டும். ஹாஜி விசில் ஊதினார். உஸ்தாத் ஓத ஆரம்பித்தார். அவ்வளவுதான், அத்தனை பிள்ளைகளும் சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைச் சரிசெய்து, கையைக் கட்டிக்கொண்டார்கள். நாற்காலி கிடைக்காத ஒரு பெண் தரையில் உட்கார்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஓடுங்க! ஓடுங்கடா!" என்று கத்தினார் ஹாஜி.

"ஓதும்போது ஓடக் கூடாது ஹாஜியாரே" என்றது முன்வரிசையில் ஒரு குரல். "அசையாம உக்காந்து கேக்கணும்னு உஸ்தாத் சொல்லியிருக்காரு."

உஸ்தாத் ஓதுவதை நிறுத்தினார். பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். மறுபடி ஓதினார், உட்கார்ந்தார்கள். அன்று காலை முழுக்க ஒருவர்கூட ஆட்டத்தில் தோற்கவில்லை. ஹாஜி ஊதி ஊதிக் கன்னம் சிவந்ததுதான் மிச்சம். நான் மதில் ஓரமாக நின்று சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது. உஸ்தாதைத் திரும்பிப் பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையில் கைப்பேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது. மலைமேலிருந்து.

அடுத்த வெள்ளிக்கிழமை குர்ஆன் சூராக்களின் பெயர் எழுதிய சீட்டைப் பலூனுக்குள் போட்டு வெடிக்கச் சொன்னார் ஹாஜி. பேர் எழுதிய சீட்டு தரையில் விழுந்துவிடக் கூடாதே என்று ஒருவரும் பலூனைத் தொடவில்லை. எல்லாப் பலூனும் பத்திரமாக வீட்டுக்குப் போயின.

இவ்வளவு பட்ட ஹாஜிக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டாமா? "பிள்ளைங்க கூச்சப்படுதுங்க, வேற ஒண்ணுமில்ல" என்றார். மூன்றாவது வாரம் கட்டத்துக்குக் கட்டம் தாவுகிற பாண்டி விளையாட்டு என்று முடிவு செய்தார். வியாழக்கிழமை சாயங்காலம் டவுனிலிருந்து ஒரு பெயின்டரைக் கூட்டி வந்து, மதரஸா முற்றம் முழுக்க, பதித்த கற்கள்மேல் பெரிய பெரிய கட்டங்களாக அலிஃப் முதல் யா வரை அரபி எழுத்துகளை எழுத வைத்தார். சாதாரண வண்ணம் இல்லை; கப்பலுக்கு அடிக்கிற வண்ணமாம், மழைக்கும் போகாதாம். அதையும் பெருமையாகச் சொன்னார்.

காலையில் வந்து பார்த்த உஸ்தாத் முதன்முறையாக வாய் திறந்தார். "ஹாஜியாரே, பிள்ளைங்க எழுத்தை மிதிக்க மாட்டாங்க."

"செருப்பைக் கழட்டிட்டுத்தானே மிதிக்கப் போறாங்க? அதுவும் இது குர்ஆனா? வெறும் எழுத்துத்தானே?"

காகிதத்தில் அரபி எழுத்து இருந்தால், எடுத்து முத்தமிட்டு உயரத்தில் வைக்கச் சொல்லி வளர்த்த பிள்ளைகள். முற்றத்தின் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். ஒரு கால்கூட உள்ளே வரவில்லை. ஹாஜி கெஞ்சினார், மிட்டாய் காட்டினார். மிட்டாயை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார்கள். கடைசியில் எழுத்துகளைச் சுற்றி நின்று கைதட்டி எழுத்தின் பெயர் சொல்லச் சொல்லி, அதையும் படம் பிடித்து, சிரிப்புச் சத்தம் சேர்த்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? மாஷா அல்லாஹ் என்றுதான் நினைத்தார்கள்.

ஆனால் வெள்ளிக்கிழமைக்கு ஒரு மதியமும் உண்டு என்பதை மறந்துவிட்டார். எங்கள் பள்ளிவாசலுக்கு வழி மதரஸா முற்றம்தான். விடியற்காலைத் தொழுகைக்கு வந்த நாலைந்து பேர் எப்படியோ ஓரமாக ஒதுங்கிப் போய்விட்டார்கள். ஜும்ஆ தொழுகைக்கு ஊரே வெள்ளைச் சட்டையும் அத்தருமாக வந்தது. வந்த ஊர் முற்றத்து விளிம்பில் நின்றது. பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களைத் தள்ளினார்கள்.

"என்னடா நிக்கிறீங்க, போங்க!"

"எங்க போறது? ஜீம் மேலயா, ஹா மேலயா?"

"பாயை விரிச்சு அதுமேல நடப்போம்."

"பாய்க்கு அடியில எழுத்து இருந்தா அது மிதிச்ச கணக்குதானேடா?"

மதில் ஓரமாக ஒருவர் பின் ஒருவராகப் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போனார்கள். பெரிய உடம்புக்காரர்கள் போக முடியவில்லை. பிரசங்கம் செய்ய வேண்டிய வயதான கத்தீபைப் பின்பக்கத்து மதில் மேலாகத் தூக்கி இறக்கினார்கள்; அங்கி முள்கம்பியில் மாட்டிக் கிழிந்தது. அவர் மிம்பர் மேடையில் ஏறி நின்று, ஹாஜி உட்கார்ந்திருந்த திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பொறுமையைப் பற்றிப் பேசினார். வழக்கத்தைவிட நீளமாகப் பேசினார்.

ஜும்ஆ முடிந்ததும் அடுத்த சிக்கல். வண்ணத்தைச் சுரண்டலாமா? சுரண்டினால் எழுத்துத் தூள் எங்கே போகும்? கரைத்தால் தண்ணீர் சாக்கடைக்குப் போகுமே? இருட்டும்வரை விவாதித்துக் கடைசியில் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்துப் பள்ளிவாசல் மச்சில் அடுக்கினார்கள். முற்றம் சேறாகிவிட்டது. விளையாட இடமில்லை. "வெள்ளி விருந்து மாபெரும் வெற்றி பெற்றது, இடவசதி கருதித் தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது" என்று ஹாஜி அறிவித்தார்.

அடுத்த வியாழக்கிழமை உஸ்தாத் பஸ்ஸுக்கு ஓடியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையில் மகளுக்கு ஒரு புதுச்சட்டை. எனக்கே ஏதோ பெருநாள் மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாப்பிட வந்தார். நான் கறியைக்கூட வைக்கவில்லை, முதலில் அதைத்தான் கேட்டேன். "என்ன உஸ்தாதே, மகளை உட்கார வச்சாச்சா?"

அவர் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார்.

"மலைப்பாதைல லாரி மாட்டிக்கிச்சு இத்தா. போய்ச் சேரும்போது தூங்கிட்டா. காலைல எழுந்து பாக்குறேன், தலை சீவிப் பவுடர் போட்டுப் புறப்பட்டு நிக்கிறா. எங்க மோளேன்னேன். கிளாஸுக்கு உப்பாங்கிறா. எங்க ஊர்லயும் வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சுட்டாங்களாம். ஹாஜியார் அனுப்பின முதல் வாரத்துப் படத்தைப் பாத்துத்தான்."

கறிக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டேன்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே தொடங்கிடுச்சாம். எனக்கு மனசு விட்டுப்போகும்னு ஸஜீலா சொல்லல. மடியில உக்காரு, இன்னைக்கு உப்பா அலிஃப் சொல்லித் தர்றேன்னேன். 'அலிஃப் எனக்குத் தெரியுமே உப்பா! யா வரைக்கும் தெரியும்! விடுங்க, நேரமாச்சு, நாற்காலி போயிடும்'னு கையை உதறிட்டா."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"கொண்டுபோய் விட்டேன். பெத்தவங்களுக்கு உள்ள அனுமதி இல்லைன்னாங்க, கேட்டுக்கு வெளியவே நின்னேன்." குவளையைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார். "நல்லாத்தான் ஓதினா இத்தா. யாரோ ஒழுங்காச் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், "எவன் அந்த உஸ்தாத்? அவனுக்கு வீடு வாசல் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"இருக்கு. இந்தப் பக்கம்தான், பரப்பனங்காடிக்காரர். அங்க வேலைக்கு இப்பத்தான் வந்திருக்காராம். ரெண்டு சின்னப் பிள்ளைங்க. நான் இங்கேர்ந்து வந்தவன்னு தெரிஞ்சதும் கேட் பக்கம் வந்து மெதுவாக் கேட்டாரு, வியாழக்கிழமை பகல்ல கீழ இறங்குற பஸ் எத்தனை மணிக்குன்னு. என்னைக்காவது இந்த வகுப்பு நின்னா உதவுமாம்."