சிவபாலன் பெயர் போட்ட கல்வெட்டு

கொழும்பு வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்தவர் யாராவது கண்ணை மூடினால், ஐயருக்கு அடுத்த போன் சிவபாலனுக்குத்தான் போகும். செத்தவர் நினைவாக முப்பத்தோராம் நாள் வீட்டில் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்கு, மனைவி புலம்புவதாகவும் பிள்ளைகள் புலம்புவதாகவும் பாட்டு எழுதுகிறவர் அவர். கொள்ளுப்பிட்டியில் இன்சூரன்ஸ் கிளார்க் வேலை. யாராவது கவிஞர் என்று கூப்பிட்டால் மட்டும் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். பாட்டொன்றும் பிரமாதமில்லை. ஆனால் செத்த வீட்டில் போய் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, அந்த வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த ஒரு சங்கதியைக் கேட்டு வந்து எப்படியாவது ஒரு வரியில் நுழைத்துவிடுவார். சனம் அந்த வரியில்தான் உடைந்து அழும்.

பொன்னம்பலம் மாஸ்டர் செத்தபோதும் போனார். மாஸ்டரின் மனைவி கௌரி மூக்கைச் சிந்திச் சிந்தி நெடுநேரம் கதைத்தார். நம்முடைய கவிஞரோ "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று தலையை ஆட்டிக்கொண்டு, குறிப்பெடுக்கிறவர் போலப் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். அதே போனில் மகள் ரூபிகா, கேட்டதை எழுதித் தரும் ஏஐ போட்டுக் கொடுத்திருந்தாள். இனி எதற்குக் காது கொடுக்கவேணும் என்ற நினைப்பு.

வீட்டுக்கு வந்து பெயர், ஊர், தொழில், பிள்ளைகளின் பெயர் எல்லாவற்றையும் ஏஐயில் தட்டினார். சேர்ட்டைக் கழற்றுவதற்குள் பாட்டு வந்து நின்றது, எதுகை மோனை பிசகாமல். அவரே ஒருநாளும் இவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை. அடியில் தன் பெயரைப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

முப்பத்தோராம் நாள் பாட்டை வாசித்தார்கள். சனம் ரசித்துக் கேட்டது. ஒருவரும் அழவில்லை. "இந்த முறை கலக்கிப்போட்டியள் கவிஞர்" என்று ஒருவர் முதுகில் தட்டினார். சிவபாலனுக்குச் சோறு இறங்கவில்லை.

பந்தி முடிந்ததும் கௌரி அவரை அடுப்படிப் பக்கம், குசினி வாசலுக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. நான் அண்டைக்குச் சொன்ன மீன் கதை..."

எந்த மீன் கதை? அன்றைய ஸ்கோர்தான் சிவபாலனுக்கு ஞாபகம் வந்தது.

"என்ர கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு இவர் மீனை முள் எடுத்து எடுத்து என்ர சோத்துக் கோப்பையில வைச்சவர். கண் சுகமான பிறகும் அதை விடேல்லை, கடைசிவரைக்கும். நீங்கள் அதை எழுதியிருப்பியள் எண்டு பக்கம் பக்கமாப் பார்த்தனான்." கௌரி சிரிக்கப் பார்த்தார். "பிறகு எனக்கே வெக்கமாப் போச்சு. தேவாரம் போட்ட புத்தகத்தில மீன்முள்ளை ஆர் போடுவினம்? நான் ஒரு விசரி. பாட்டில வைக்கிற விசயமே தம்பி அது?"

மாஸ்டரைப் பற்றி எழுத அதைவிட வேறு வரியே தேவையில்லை என்று இத்தனை காலம் எழுதிய மனுசனுக்குத் தெரியாதா? "நான் கேட்கவே இல்லை அக்கா" என்று சொல்ல வாயைத் திறந்தார். உள்ளே "கவிஞர் எங்கை?" என்று யாரோ தேடுவது கேட்டது.

"ஓம் அக்கா," என்றார். "அது பாட்டுக்குப் பொருந்தாது."

தன் முகத்தில் தானே துப்பிக்கொள்ள வேண்டும் போல இருந்தது அவருக்கு. கௌரி தலையை ஆட்டினார். செத்துப்போன புருசனை ஊருக்கு முன்னால் சிறுமைப்படுத்தப் பார்த்தவர் போலக் கூனிக்குறுகி, "நல்ல காலம் நீங்கள் போடேல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.