பேய் வீட்டு வாசலில் ஒரு செருப்பு

உலகின் தென்கோடியில், மவுண்ட் வெல்லிங்டனில் எங்கள் வீட்டு கராஜ் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. எழுதியவன் நான். அனுமதியின்றி உள்ளே போகலாகாது. உள்ளிருக்கும் எப்பொருளையும் தொடவோ நகர்த்தவோ துடைக்கவோ கூடாது. ஜன்னல் எப்போதும் பூட்டியிருக்க வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து, திகதியிட்டுக் கையொப்பமும் வைத்திருந்தேன். வீட்டில் இருந்ததோ நான், மகன், மருமகள் மூன்று பேர். மருமகள் சொன்னது, "மாமா, நான் இல்லாதப்ப யாரும் உள்ள போக வேணாம் லா, அவ்வளவுதான்" என்பது மட்டுமே. ஆனால் வாய்ச்சொல்லாக விடப்படும் உத்தரவு மூன்று நாளைக்கு மேல் உயிரோடு இருக்காது. கொழும்பில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் ஊழியர் விவகாரங்களைப் பார்த்தவனுக்கு இது தெரியாதா?

மருமகள் மலாய் நாட்டு ஈப்போக்காரி; அந்த 'லா' அங்கத்தைய பேச்சு. பொம்மைகளை வைத்துப் படமெடுக்கும் கலையை முறையாகப் படித்தவள். கலியாணமாகி இங்கே வந்தபின் இரண்டு வருடம் மனுகாவில் ஒரு கடையில் கைபேசி உறை விற்றாள். பிறகுதான் ஏவன்டேலில் இருந்த ஒரு சிறிய படக்குழு அவளைத் தகுதிகாண் அடிப்படையில் எடுத்தது. ஹாலோவீனுக்குக் குடும்பத்தோடு பார்க்கும்படி ஒரு பேய்ப் படம். நடிப்பவை எல்லாம் சாண் உயரப் பொம்மைகள். பொம்மையை மயிரிழை அசைத்து ஒரு படம், மறுபடி அசைத்து இன்னொரு படம். திரையில் ஒரு விநாடி ஓட இப்படிப் பன்னிரண்டு தடவை. குழுவிடம் இடம் போதாததால் ஒரு காட்சியை வீட்டிலேயே எடுக்கக் கொடுத்திருந்தார்கள். அது சரியாக வந்தால் வேலை நிரந்தரம். அந்தத் தொழிலில் சான்றிதழைவிடக் கைதான் பெரிது. மேசையைத் தட்டிவிடுகிற கை என்று ஒரு முறை பெயர் வாங்கினால் பிறகு கைபேசி உறைதான்.

காட்சி இதுதான். ஒரு குடும்பம் பயந்து வீட்டைவிட்டு ஓடிவிட்டது. வாசலில் கட்டைவிரல் நக அளவில் இரண்டு ரப்பர் செருப்புகள் கிடக்கின்றன. ஓடிய அவசரத்தைக் காட்ட, ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. சின்னப் பெண்பேய் ஒன்று மெதுவாக அந்த வாசலுக்கு நடந்து வருகிறது. பதினொரு விநாடி. அதற்காக மருமகள் மூன்று நாள் கூனிக் குனிந்து நின்றாள்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. யூலை இங்கே குளிர்காலம்; மழை, காற்று. மத்தியானம் அவள் சாப்பிடப் போயிருந்தபோது ஜன்னல் கொளுக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனேன். அறிவித்தலின் மூன்றாம் விதியை நிறைவேற்ற முதலாம் விதியை மீறுகிறேன் என்பதுகூட உறைக்கவில்லை. கொளுக்கியைப் பார்த்தேன். திரும்பும்போது அந்தச் செருப்பைப் பார்த்தேன். செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்று நம்மவர்கள் சொல்வார்கள். நான் அதை நம்புகிறவன் அல்லன். ஆனால் விரல் என்னைக் கேட்கவில்லை. நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, மிகுந்த திருப்தியோடு பேப்பர் படித்தேன்.

பின்னேரம் மருமகள் எடுத்ததை ஓட்டிப் பார்த்தாள். பேயையே பார்த்துக்கொண்டு வேலை செய்தவளின் கண்ணில் அப்போதுதான் செருப்பு பட்டது. காட்சியின் கடைசிப் பகுதியில் அது துள்ளி நிமிர்ந்தது. அதன் பிறகு எடுத்த படங்கள் எல்லாம் வீண். செருப்பை மறுபடி மயிரிழை பிசகாமல் பழையபடி கவிழ்க்கவும் முடியாது என்பதால் முன்னால் எடுத்தவையும் உதவாது. கம்ப்யூட்டரில் திருத்தலாமே என்றான் மகன். பேயின் நிழல் அந்தச் செருப்பு மேலேயே விழுகிறது, முடியாது என்றாள்.

"உம்மட கைதான் பட்டிருக்கும். விடும்" என்றான் மகன்.

"அப்படித்தான் இருக்கும்" என்று தன் கையையே பார்த்தாள். "திங்கக்கிழம குடுக்கணும். நானே சொல்லிடுறேன்."

இயக்குநருக்குத் தொலைபேசி எடுத்து, தன் கை பட்டுவிட்டது என்று அவள் சொல்வதைச் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை பேரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருப்பேன்! பதில் வராவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும் என்று கடைசி வரியில் எழுதுவேன். அன்று இரவுச் சாப்பாடு முடியும்வரை என்னிடமிருந்து பதில் வரவில்லை.

ஞாயிறு காலை என் விளக்கத்தை ஐந்து பத்திகளாக, இலக்கமிட்டு எழுதி, கராஜில் சும்மா உட்கார்ந்திருந்தவளிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

"ஏன் மாமா நிமித்தினீங்க?"

"கவிழ்ந்து கிடந்தது பிள்ளை. பார்த்துக்கொண்டு நிக்க ஏலுமே?"

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்ததுதான். கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு எழுந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்: "மூணு நாளா எனக்கும் கை அரிச்சுச்சு லா. ஒவ்வொரு தடவையும் கைய பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டேன். உங்களுக்குப் பாக்கெட் இல்லையா?"

திங்கள் நானும் அவளோடு ஏவன்டேலுக்குப் போனேன். இயக்குநர் ஒரு வெள்ளைக்காரப் பெண், என் மகளாக இருக்கும் வயது. பிழை செய்த கை மருமகளுடையது அல்ல, என்னுடையது என்று ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டி, கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் கேட்டேன். அவர் சிரிக்காமல் கையொப்பமிட்டார். அது நல்ல நிர்வாகிக்கு அழகு. பிறகு மருமகளிடம், வெள்ளிக்கிழமை வரை நேரம் தருகிறேன், கராஜுக்கு ஒரு பூட்டும் வாங்கிக்கொள் என்றார். இந்த இரண்டாவது உத்தரவு எனக்கு முன்னாலேயே தரப்பட்டது.

மருமகள் முதலிலிருந்து எடுத்து வெள்ளியன்று கொடுத்தாள். அடுத்த மாதம் நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. வாசித்துப் பார்த்தேன், விடுமுறை பற்றிய பத்தி தெளிவில்லை. இன்று அவள் பெரிய நிறுவனம் ஒன்றில் பத்துப் பேருக்கு மேலதிகாரியாக இருக்கிறாள். மகனும் அவளும் வேறு ஊரில். கராஜில் கார் நிற்கிறது.

அந்த வருட ஹாலோவீனுக்குப் படத்தைப் பக்கத்து மண்டபத்தில் போட்டார்கள். இந்த நாட்டில் பேய்களின் நாள் வசந்தகாலத்தில் வருகிறது. மாலை ஆறரைக்கும் நல்ல வெயில். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டித்தான் இருட்டைத் தயாரித்தார்கள். மந்திரவாதித் தொப்பி போட்ட பிள்ளைகள் முன்வரிசையில். எங்கள் தமிழாக்கள் ஏழெட்டுப் பேர் நடுவில். வாசல் காட்சி வந்தது. பெண்பேய் நடந்து வர, பிள்ளைகள் வீரிட்டார்கள். எங்கள் வரிசையில் ஒருவரும் பேயைப் பார்க்கவில்லை. நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பின்னாலிருந்து ஒரு சென்னைக்கார அம்மா, "ஐயோ, அத யாராச்சும் நிமித்தி வைங்களேன்" என்று முணுமுணுத்தார்.

பக்கத்தில் இருந்த மருமகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். இறுக்கமாக, பதினொரு விநாடியும்.