எளிய நடைக்கு ஒரு படி

பிப்ரவரி 4 – முதல் மனு. ஒரு கல் படி, கொத்தனார் கூலி உட்பட: 640.
ஏப்ரல் 17 – அதிகாரி பார்வையிட்டது. வண்டி வாடகை, சாப்பாடு: 8,350.
ஜூலை 9 – மறுபடி பார்வையிட்டது: 9,100.
செப்டம்பர் 22 – படிக்கு நிதி இல்லை என்று பதில்.

என் தங்கையின் கணவர் சுண்ணாம்புப் பாறைப் பூங்காவின் காவலர். எல்லோருக்கும் அவர் பாறைக்காரர். இளம் வயதில் இதே பாறையை உடைத்துக் காளவாயில் சுட்டவர். காளவாய் மூடிய பிறகு இருபத்தாறு ஆண்டுகள், யாரும் அதில் ஒரு கீறல்கூடப் போடாமல் காத்தார். மழை அரித்து உருவான பாறைகளுக்கு அவரே பெயர் வைத்தார்: ஒட்டகம், பல் போன சீப்பு, கடைசியில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு.

வாசல் பலகையில் 'எளிய நடை, அரை மணி நேரம்' என்றிருக்கும். பாதை சமமானதுதான். கொக்குக்குச் சற்று முன்னால் மட்டும் முழங்கால் உயரத்தில் ஒரு பாறை விளிம்பு குறுக்கே கிடக்கிறது. முட்டி தேய்ந்த என் தங்கை எப்போதும் அங்கிருந்தே திரும்பிவிடுவாள். டிசம்பரில் அவருக்கு ஓய்வு. குடியிருப்பைக் காலி செய்துவிட்டு மகனிடம் போக வேண்டும். அதற்குள் கொக்கை ஒரு தடவை பார்த்துவிட ஆசைப்பட்டாள்.

"தூக்கிட்டுப் போறேன்னா வேணாங்கிறா, மச்சான்."

"அப்புறம் ரெண்டு பேரையும் யாரு தூக்கறது?" என்றாள் தங்கை.

ஏப்ரலில் வந்த இளம் பொறியாளர் ஒரே தாவில் விளிம்பில் ஏறி நின்றார். "இதெல்லாம் ஒரு உயரமா?"

"உங்க முட்டிக்கு இல்லீங்க சார்," என்றார் பாறைக்காரர்.

இயற்கை அமைப்பை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. பாறையைத் தொடாமல் தரையில்தான் கல் வைக்கக் கேட்டேன் என்று இவர் எழுதினார். ஜூலையில் வேறொருவர் வந்து விளிம்பை அளந்துவிட்டு, அளவு நாடாவை மறந்து போனார். அதைத் தபாலில் அனுப்பியதற்கு மட்டும் மூன்றே நாளில் பதில் வந்தது.

செப்டம்பர் பதிலைப் படித்துவிட்டு அவர் இரண்டு பார்வையிடல் செலவையும் கூட்டிப் பார்த்தார். "பாக்க வந்த காசுல இருபத்தேழு படி போட்டிருக்கலாம்," என்றார்.

"சமையலறை முக்காலிய எடுத்துட்டு வாங்க, ஏறிடுறேன்."

"உள்ள எந்தச் சாமானும் கொண்டுபோகக் கூடாது. ஒரு பெரியவரோட மடக்கு நாற்காலியையே வாசல்ல வாங்கி வெச்சவன் நான்."

"அவருக்கு நீங்க புருஷன் இல்லையே."

அதற்கும் அவர் அசையவில்லை. கடைசியாக ஒரு மனு போட்டார்.

நவம்பர் இறுதியில் பாத்திரங்களை மூட்டை கட்டினார்கள். நானும் உதவிக்குப் போயிருந்தேன். ஒரு காலை, மூட்டைக்குள் போக வேண்டிய முக்காலியை அவர் கையில் எடுத்தார்.

"என்னங்க, சட்டம்?"

"பேசாம வா."

"மெதுவா நடங்க. கொக்கு பறந்துடாது."

அவர்கள் ஒட்டகத்தைத் தாண்டி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் தபால்காரர் வந்தார். பாறைக்காரருக்கு வந்த கடிதத்தை நானே கையெழுத்திட்டு வாங்கினேன். படி அமைக்க இயலாது. ஆகவே பலகையிலிருந்து 'எளிய' என்ற சொல்லைக் காவலரே அழித்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தது.

கடிதம் வந்த தேதி: நவம்பர் 28.