இன்ஜினுக்கு அடியில் கட்டிய கம்பி

யுத்தம் முடிந்ததும் ராணுவம் வேண்டாமென்று ஏலத்தில் தள்ளிய மோட்டார் சைக்கிள்களில் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. "ஆபீஸ் போய்வரச் சௌகரியமா இருக்கும்மா" என்று மாமியாரிடம் சொல்லித்தான் என் ஆத்துக்காரர் அதை வாங்கினார். ஸ்ரீரங்கத்திலிருந்து பொன்மலைக்குப் போய்வர அவ்வளவு சத்தம் தேவையில்லை. அது கிளம்பினால் எதிர்வீட்டில் பாராயணம் செய்கிறவர் பாதியில் நிறுத்திவிட்டு, அது வீதி முனை தாண்டும் வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆபீஸ் என்பது சாக்கு என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மூலைக்கு மூலை காலி டிரம் நிறுத்தி, மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தினார்கள். அதில் சுற்றத்தான் அவருக்கு ஆசை. சுற்றுவதும் அப்பிரதட்சிணமாக. மாமியாருக்குத் தெரிந்திருந்தால் வேகத்தைவிட அதற்குத்தான் அதிகம் பதறியிருப்பார். அவரிடம், "ஆபீஸ் ஸ்போர்ட்ஸ்" என்று சொல்லி வைத்திருந்தோம். சொன்னது நான். பொய் சொல்கிற வேலையெல்லாம் எப்போதும் என் தலையில்தான்.

எனக்குப் பயம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? கல்யாணமாகி மூன்று வருஷம், கையில் ஒரு பெண் குழந்தை. அவர் வண்டியை எடுத்த நாளிலிருந்து, வாசலில் சத்தம் கேட்டால் வந்துவிட்டார் என்று ஒரு மூச்சு, கேட்காவிட்டால் என்ன ஆச்சோ என்று ஒரு மூச்சு. இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது பிழைப்பு.

பந்தயத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதிர்ச்சியில் கழன்றுவிடக்கூடிய போல்ட்டுகளின் தலையில் சின்னத் தொளை போட்டு, அதில் மெல்லிய இரும்புக் கம்பியைக் கோத்து, முறுக்கி, பக்கத்தில் அசையாத ஏதாவது ஒன்றோடு கட்ட வேண்டும். போல்ட் அவிழப் பார்த்தால் கம்பி இறுகி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கமாகக் கட்டினால் கம்பி சும்மா தொங்குகிற நகைதான். போல்ட் பாட்டுக்குக் கழன்று போகும். எல்லாவற்றையும்விட முக்கியம், இன்ஜினின் அடிவயிற்றில் பழைய எண்ணெயை வடிப்பதற்கென்று இருக்கிற போல்ட். டிரெயின் பிளக் என்பார். அது விழுந்தால் கொதிக்கிற எண்ணெய் அத்தனையும் பின்சக்கரத்தில் கொட்டும். அப்புறம் வண்டி நிற்காது, ஆளும் நிற்க மாட்டார். பின்னால் வருகிறவனும் அதிலேயே வழுக்கி மேலே விழுவான். இதையெல்லாம் காப்பி குடித்துக்கொண்டே எனக்கு விளக்கிச் சொன்னவர் அவர்தான். மனுஷருக்கு எதை யாரிடம் சொல்ல வேண்டும் என்ற விவஸ்தை கிடையாது.

கம்பி கட்ட அவருக்குப் பொறுமையும் கிடையாது. அவசரமாக முறுக்கி அறுத்துவிடுவார். "தலை பின்னற மாதிரிதான், நீயே போடேன்" என்று கம்பி முறுக்குகிற குறட்டை என் கையில் கொடுத்துவிட்டார். தலைமயிர் விரலைக் கிழிக்காது, கம்பி கிழிக்கும். ஆனாலும் எனக்கு அது சீராக வந்தது. வந்துவிட்டதால் வேலையும் என்னுடையதாகிவிட்டது.

பந்தயத்துக்கு முதல் நாள் கொல்லையில் சாக்கு விரித்து வண்டியை நிறுத்தினார். மற்ற போல்ட்டுகளை உட்கார்ந்தபடியே முடித்துவிட்டேன். டிரெயின் பிளக்குக்கு மட்டும் மல்லாந்து படுத்து உள்ளே போக வேண்டியிருந்தது. பின்சக்கரத்துப் பக்கம் தலை, முன்சக்கரத்துப் பக்கம் கால். அவரோ என்னைப் பார்த்தபடி முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். புருஷன் பக்கம் காலை நீட்டிக்கொண்டு மடிசாரோடு எண்ணெயில் கிடந்த என்னை மாமியார் மட்டும் பார்த்திருந்தால்! கம்பியை மாட்ட இன்ஜினில் இரண்டு பக்கமும் தொளை இருந்தது.

"எந்தப் பக்கம் இழுத்துக் கட்டறது?"

"வலது பக்கம்."

கட்டினேன். தடவிப் பார்த்தேன். பல் வரிசை மாதிரி முறுக்கு சமமாக இருந்தது.

மறுநாள் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி, அப்புறம் ஜட்கா பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். பெண்களுக்கென்று ஒரு ஓரத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். பரிசோதகர் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து, கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு, சரியென்று தலையாட்டினார். இருக்கிறதா என்று பார்த்தாரே ஒழிய, எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. அப்போது எனக்கும் அது தோன்றவில்லை.

வண்டிகள் கோட்டில் வந்து நின்றன. அவர் எங்கள் பக்கம் திரும்பி வலது கையைத் தூக்கி ஆட்டினார். நானும் ஆட்டப் போனேன். அவருடைய வலது கை எனக்கு இடது பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

முதல் நாள் கொல்லையிலும் இப்படித்தான். எதிரும் புதிருமாக அவர் நின்றார், நான் படுத்திருந்தேன். வலது என்று அவர் சொன்னது எந்த வலது? அவருடையதா, என்னுடையதா? நான் என் வலது பக்கம் கட்டினேன். மனசுக்குள் திரும்பவும் சாக்கில் படுத்துப் பார்த்தேன், எழுந்து அவர் இடத்தில் நின்று பார்த்தேன். ஒரு முறை சரியாக வந்தது, மறுமுறை தப்பாக வந்தது. அதற்குள் இன்ஜின்களை முடுக்கிவிட்டார்கள்.

கயிற்றுக்கு அடியில் நுழைந்து மேஜைப் பக்கம் ஓடினேன். கழுத்தில் விசில் தொங்க, கையில் ஒலிபெருக்கிக் குழாயோடு ஒருவர் நின்றிருந்தார்.

"ஒரு வண்டியை நிறுத்தணும். கம்பி சரியா இருக்கான்னு பாக்கணும்."

"எந்த வண்டிம்மா?"

"அதோ, அவர்."

"எவரு? பேரைச் சொல்லுங்கம்மா, கூப்பிடறேன்."

நான் அதுவரை அவர் பேரைச் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் யாரும் சொல்ல மாட்டார்கள். கையை நீட்டினேன். புழுதியிலும் புகையிலும் ஏழெட்டுப் பேர் ஒரே மாதிரி குனிந்திருந்தார்கள். கொடிக்காரன் கொடியைத் தூக்கப் போனான். சொல்லிவிட்டேன். எங்கள் பெருமாள் பேர்தான். குழாயில் அது முழங்கியதும் கூட்டத்தில் சம்பந்தமில்லாத இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். கோட்டிலிருந்து அவரும் பார்த்தார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. "என்ன இது? மானத்தை வாங்கறே?"

"வலதுன்னேளே, எந்த வலது?"

வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆபீஸில் இன்ஜினை மேலிருந்து பார்த்து, பக்கத்தில் பார்த்து, தாள் தாளாக வரைகிற மனுஷர். அவர் முகத்திலிருந்து கோபம் வடிந்ததைப் பார்த்ததும் எனக்குப் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. விசில்காரர் வண்டியைச் சாய்க்கச் சொல்லி அடியில் விரலை விட்டார்.

"தலைகீழாத்தான் கட்டியிருக்கு. அவுந்தா கம்பி தளர்ந்து வழி விடும். சீக்கிரம் மாத்துங்க சார், காத்திருக்காங்க."

அது யார் தப்பு என்பது எங்களுக்குள் இன்றுவரை முடியாத வழக்கு.

அவர் குறட்டை எடுத்தார். பழைய கம்பியை வெட்டிப் போட்டுவிட்டுப் புதியதை முறுக்கினார், அறுந்துவிட்டது. குறட்டை என்னிடம் நீட்டினார்.

இன்னும் ஒரு தரம் அறுந்தால் பந்தயம் அவரில்லாமல் கிளம்பிவிடும். அறுப்பது பெரிய வித்தையா? ஒரு முறுக்கு அதிகம் போட்டால் போதும். நான் அதை நினைக்காமல் இல்லை. அத்தனை பேர் பார்க்க மண்ணில் மண்டியிட்டு, விரலால் போல்ட்டை இறுகுகிற பக்கமாகத் தடவி, அந்தப் பக்கமாகவே கம்பியை இழுத்துக் கட்டினேன். நல்ல கட்டாகவே கட்டினேன். அரைகுறையாகக் கட்டி அனுப்ப எனக்குப் பயம், அனுப்பாமல் நிறுத்த மனசு வரவில்லை. எழுந்ததும் அவர், "வரேன்" என்றார். நான் தலையை மட்டும் அசைத்தேன்.

கொடி விழுந்தது. முதல் சுற்றில் என் எதிரே கடந்தபோது இன்ஜினுக்கு அடியில் பார்த்தேன். ஒன்றும் சொட்டவில்லை. அடுத்த சுற்றில், அவர் போன தடத்தில் கறுப்பாக ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். தூரத்து மூலையில் திரும்பும்போது டிரம்கள் மறைத்துவிடும். திரும்பவும் தலை தெரிகிற வரை நான் மூச்சு விடவில்லை. ஒரு தடவை மூலையில் புழுதி எழும்பி, ஒரு வண்டி உருண்டது. பக்கத்திலிருந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உருண்டது வேறு யாரோ. எழுந்து நொண்டிக்கொண்டு போனான். அவன் பிழைத்தானே என்று எனக்குத் தோன்றவில்லை, அவர் இல்லை என்றுதான் தோன்றியது. திரும்பவும் கண் தரைக்குப் போய்விட்டது. மண், சக்கரம், மண்.

எல்லாம் முடிந்து அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கண்ணாடியைக் கழற்றியதும் கண்ணைச் சுற்றி மட்டும் சுத்தமாக இருந்தது. மிச்ச முகமெல்லாம் செம்மண். பல் தெரியச் சிரித்தார்.

"பாத்தியோ? அந்தக் கடைசி மூலையில ரெண்டு பேரை ஒரே மூச்சுல தாண்டினேனே, பாத்தியோன்னோ?"

"பாத்தேன்" என்றேன்.

நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் சில வருஷங்கள் பந்தயத்துக்குப் போனார். ஒவ்வொரு தடவையும் கம்பி கட்டியவள் நான், கயிற்றோரம் நின்றவளும் நான். அவர் அழகாக ஓட்டுவார் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். என் கண் ஒரு தடவைகூட இன்ஜினுக்கு மேலே போனதில்லை.