எல்லை தாண்டும் சார்ஜர்

பக்கத்துத் தோட்டத்து வேலுச்சாமி அண்ணன் பெட்ரோல் பைக்கை வித்துட்டு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினப்ப, எங்க ஊர்ல ஒருத்தராவது திருந்திட்டாருன்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொன்னது நான்தான்.

இன்னைக்குக் காலைல எங்க கேரள எல்லைல இருக்கற கோவிந்தாபுரத்துல பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தேன். அண்ணன் அந்த ஸ்கூட்டர்ல தமிழ்நாட்டுப் பக்கமாப் போய்ட்டு இருந்தார்.

"ஏனுங்ணா, இனி அங்க வெலை கம்மின்னு பெட்ரோலுக்காக எல்லை தாண்ட வேண்டியதில்லையே. எங்க கெளம்பிட்டீங்க?"

"சார்ஜ் போடத்தான் அம்மிணி. மச்சான் ஊடு அந்தப் பக்கந்தான. அங்க கரெண்ட் சல்லிசு."

"போய்ட்டு வரதுக்கே பாதி சார்ஜ் தீந்துருமேங்ணா."

"அதனாலதான் தெனமும் போறேன்."

சார்ஜ் ஏறி முடியற வரைக்கும் அங்கயே உக்காந்திருப்பீங்களான்னு கேட்டேன்.

"அதெப்படி? மாட்டுக்குத் தண்ணி காட்டோணும், சொசைட்டிக்குப் பால் கொண்டு போகோணும். மச்சான் பைக்க எடுத்துட்டு வந்துருவேன். சாயங்காலம் போய் மாத்திக்குவேன்."

"அது பெட்ரோல் வண்டிதானுங்களே?"

"பெட்ரோல் மச்சானுதுதான அம்மிணி."

புகையைக் குறைக்கணும்னு மானியம் குடுத்த அரசாங்கத்துக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மச்சான் இருக்கறது தெரியாது. இவரை என்ன திட்டத்துல சேர்க்கலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.